வாளிக்குள் ஒரு ஸ்பீக்கர்

பொத்தானை மூன்று முறை அழுத்தியும் ஸ்பீக்கர் நிற்கவில்லை.

“வாளீ… மக்கு… பேசினு… தொடப்பம்… மாப்பூ…” என்று அதற்குள்ளிருந்து அப்பா கத்தினார். பிறகு அப்பா இருமினார். பிறகு தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் ஒரு நீண்ட ‘க்ரீ…ச்’. மறுபடியும் வாளீ.

மோட்டார் சைக்கிளின் முன்னால் கட்டியிருந்த அந்தக் கூம்பு ஸ்பீக்கரின் வாயில் கைக்குட்டையைத் திணித்துப் பார்த்தாள் பட்டதாரி. சத்தத்துக்கு ஜலதோஷம் பிடித்ததே தவிர, குறையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா கல்லூரித் தோழி பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும்? கழுத்தில் வங்கியின் அடையாள அட்டை வேறு. அவளுடைய பார்வை வண்டியின் பின்னால் கோபுரமாக அடுக்கியிருந்த வாளிகளில் ஏறி, பக்கவாட்டில் தொங்கிய பேசின்களில் வழுக்கி, கடைசியில் பட்டதாரியின் முகத்தில் வந்து நின்றது.

“ஏய், நீயா! என்ன இது, சொந்தத் தொழிலா?”

“அப்பாவுக்குக் கால்ல கட்டு. அதான் கொஞ்ச நாளைக்கு நான்… அப்புறம் மேல படிக்கலாம்னு ஒரு—”

“மக்கு!” என்றது ஸ்பீக்கர்.

தோழி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடக்கியதுதான் அதிகமாக வலித்தது.

அதற்குள் எதிர் மாடியில் செடி வளர்க்கும் செடிக்காரம்மா படியிறங்கி ஓடி வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பாதி முகம் சவரமும் பாதி முகம் நுரையுமாக வந்தார்.

“அந்தப் பச்சை வாளியக் குடும்மா.”

“பச்சை வேற அளவு அக்கா. நீலத்துல—”

“ஏதோ ஒண்ணு. குடு, சீக்கிரம்.”

ஸ்பீக்கர் ஓடினால் விலை சொல்வது கேட்காது. ஒயரையே பிடுங்கினாள். தெரு சட்டென்று அமைதியானது. நுரைக்காரர் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். ஒரு மாப்பை வாங்கிக்கொண்டார். இருவரும் பேரம் பேசவில்லை.

பட்டதாரி இதையெல்லாம் கவனிக்கவில்லை. தோழி ஏறிய பேருந்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டதாரி என்பது அவள் பெயரல்ல. அந்தப் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் வீட்டில் வைத்த பட்டம். பெருமையாகவும் சொல்வார்கள், “பட்டதாரி, தட்டைக் கழுவி வை” என்றும் சொல்வார்கள். இயற்பியல் படித்தாள். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் ‘முன் அனுபவம் உண்டா’ என்று கேட்டார்கள். அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா தரை துடைக்கிற மாப்பு விற்கிறவர். ஈரத்தரையில் வழுக்கி விழுந்துதான் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அதை வெளியில் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஐந்து வாரம். அதுவரை அவருடைய லைனை மகள்தான் ஓட்ட வேண்டும். லைன் என்பது பன்னிரண்டு தெரு. காலையில் கிடங்கிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய், விற்றது போக மீதியை மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு தெருவில் வேறு யாரும் வாளி விற்க முடியாது. பதினான்கு வருடமாக அது அப்பாவின் ராஜ்ஜியம்.

கிடங்குக்காரர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

“இதோ பாரும்மா, உங்கப்பா ஒரு நாளைக்கு முப்பது உருப்படிக்குக் கொறைஞ்சதில்ல. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பாப்பேன். அன்னிக்கு முப்பது போகலைன்னா லைன் ஜிகினாவுக்கு. அப்புறம் கால் சரியாயிடுச்சுன்னு உங்கப்பா வந்து நின்னா நான் பொறுப்பில்ல.”

ஜிகினா என்பவன் வண்டி முழுக்கப் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, லைன் இல்லாமல் கிடங்கு வாசலில் காத்துக் கிடப்பவன். அவன் அங்கேயே நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தான்.

தோழியைப் பார்த்த திங்கட்கிழமை முப்பத்தேழு உருப்படி விற்றிருந்தது. ஆனால் பட்டதாரிக்கு அந்தத் தோழியின் உதடுதான் கண்ணில் நின்றது. இவ்வளவு கேவலமான சத்தத்துக்கே முப்பத்தேழு என்றால், கேட்கிற மாதிரி ஒரு சத்தம் இருந்தால்? மூன்று வருடம் அலைகளைப் படித்தவளுக்கு ஒரு வாளி வண்டியை ஒழுங்காகப் பேச வைக்கத் தெரியாதா?

பழைய சாமான் கடைக்குப் போனாள். கையில் இருந்தது புதுச் செருப்புக்குச் சேர்த்து வைத்த காசு.

கடைக்காரர் ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் துடைத்து வைத்தார். “காரோட கதவுல இருந்தது. கார் அப்பளமா நொறுங்கிப் போச்சு. ஆனா இது மட்டும் அப்பவும் பாடிக்கிட்டே இருந்துச்சாம். அவ்வளவு விசுவாசம்.”

“சத்தத்த ஏத்தற ஆம்ப்பும் வேணும். விலையக் கொறைங்க. இந்தக் கூம்ப எடுத்துக்கங்க.”

அவர் கூம்பைப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தார். “வாளீ…” பக்கத்துக் கடையில் ஒருவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் தவறவிட்டார். கடைக்காரர் ஒயரை உருவிவிட்டு, நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தார்.

“இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன்” என்றார். அங்கேயே சுத்தியலை எடுத்துக் கூம்பைத் தட்டையாக்கினார். “இது திரும்பி யார் கைக்கும் போகக் கூடாது.”

அந்த மாலை முழுதும் வண்டியின் கீழ் படுத்து ஒயர் இழுத்தாள். அப்பா கட்டிலிலிருந்து, “என் வண்டி, என் வண்டி” என்று முனகினார். கடைசியில் தன் குரலிலேயே பதிவு செய்தாள். ‘தரமான வாளிகள், குவளைகள், துடைப்பங்கள், உங்கள் வாசலில்.’ ரயில் நிலைய அறிவிப்புபோல் சுத்தமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இருபத்துநான்கு.

“பாத்தியா” என்றார் அப்பா. “என் குரலை எடுத்துட்ட. நான் கூப்பிட்டா எப்படி ஓடி வருவாங்க தெரியுமா? குளிச்சிக்கிட்டு இருக்கிறவன்கூடத் துண்டோட வருவான். பதினாலு வருஷத்துப் பழக்கம்மா. பாசம்.”

அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. குரல் அப்பாவுடையது, தரம் தன்னுடையது என்று முடிவு செய்தாள். எதிரொலி வராமலிருக்க அப்பாவின் தலைவழியாக இரண்டு கம்பளியைப் போர்த்தி, உள்ளே கைப்பேசியைக் கொடுத்தாள்.

“உள்ள மூச்சு முட்டுதும்மா.”

“அதைச் சொல்லாதீங்க, பதிவாகுது. வாளியச் சொல்லுங்க.”

“வாளி.”

“கத்தாதீங்கப்பா. பக்கத்துல இருக்கிறவங்ககிட்டப் பேசற மாதிரி.”

“பக்கத்துல இருக்கிறவன் எவன்டி எங்கிட்ட வாளி வாங்குவான்?”

பத்தாவது முறை சரியாக வந்தது. இருமலை வெட்டினாள், கரகரப்பை இழைத்தாள். கம்பளிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல், வெகுதூரத்தில் இருக்கும் ஒரு நல்ல மனிதர் உங்களை நினைத்துக்கொண்டு ‘வாளி’ என்று சொல்வதுபோல் இருந்தது.

புதன்கிழமை பதினாறு.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஒரு குறை சொல்வார் இல்லை. நுரைக்காரர் ஜன்னலிலிருந்து கையசைத்து, “பிரமாதம்மா! இப்பத்தான் என்ன சொல்றார்னே புரியுது” என்றார். செடிக்காரம்மா மாடியிலிருந்து, “உங்கப்பா குரல் இவ்வளவு அழகா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். காதுக்குப் போகிறது, மனதுக்குப் போகவில்லை, அதுதான் கோளாறு. வெறும் குரல் போதாது, அடியில் இசை வேண்டும். ஆனால் யாருடைய இசையை, எந்தக் காசில்?

பக்கத்து அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தையல் ஆலையில் பத்து மணி நேரம் சட்டைக் காலர் தைத்துவிட்டு வருபவள். கழுத்தே இல்லாத நூறு காலர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, துணி மடிக்கும்போது மட்டும் அவள் முணுமுணுப்பாள். வார்த்தை கிடையாது. எந்தப் பாட்டும் கிடையாது. மடிப்புக்கு மடிப்பு ஏறி, உதறும்போது நின்று, தடவும்போது இறங்கும். முணுமுணுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அலுத்துச் சலித்த அந்த உடம்பில் அது எங்கிருந்து வருகிறது என்று பட்டதாரிக்கு விளங்கியதே இல்லை. மூன்று வருடப் பாடத்திலும் அது வரவில்லை.

கதவிடுக்கில் கைப்பேசியை நீட்டினாள்.

வியாழக்கிழமை மதியம் வண்டியை அணைத்துவிட்டு அந்தப் பதிவை ஓடவிட்டாள். அம்மாவின் முணுமுணுப்பு தெருவில் தண்ணீர்போல் பரவியது. அதன்மேல் ஒரு காகிதப் படகாக அப்பாவின் ‘வாளி’ மிதந்து போனது. சிறிது இடைவெளிவிட்டு, ‘பேசின்’. கொடியில் காய்ந்த சட்டைகள் அதற்கு ஏற்பக் கையசைத்தன. வெயில்கூட அவசரமில்லாமல் சுவரில் இறங்கியது. ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொன்று. கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒருவர், சீப்பைத் தலையிலேயே மறந்த ஒருத்தி, பால்கனிக் கம்பியில் கன்னத்தை வைத்தபடி செடிக்காரம்மா. வண்டியின் நிழலில் ஒரு நாய் வந்து படுத்து, முன்னங்காலை நீட்டி, வாலால் ஒருமுறை தரையைத் தட்டிவிட்டுத் தூங்கிப்போனது. அந்தத் தெருவே ஒரு பெரிய துணி, யாரோ அதை மெல்ல மடித்துவைக்கிறார்கள் என்று பட்டதாரிக்குத் தோன்றியது. கோபமே வராத ஒரு நிமிடம் அவள் வாழ்க்கையில் வந்து போனது. அவள் எதற்காக அங்கே நிற்கிறாள் என்பதையும் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

நினைவு வந்தபோது பேட்டரி செத்திருந்தது.

கிக்கரை உதைத்தாள். இருபது உதைக்குப் பிறகு வண்டி ஒருமுறை தும்மியது, அவ்வளவுதான். வாளிக் கோபுரத்தோடு மூன்று தெரு தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“நாளைக்கும் வருவியாம்மா? ரெண்டு மணிக்கு வந்தா நல்லது. குழந்தை அப்பத்தான் தூங்க அடம் பிடிக்குது.”

வியாழக்கிழமை ஒன்பது.

அம்மாவுக்கு அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயம் தெரிந்தது.

“என் குரலையா தெருத்தெருவா ஏத்திக்கிட்டுப் போன?”

“முணுமுணுப்புத்தாம்மா.”

“அதைக் கேட்டு யாரு வாளி வாங்குவா? எனக்கே தூக்கம் வருது.”

“அடிச்சத்தம், பாஸ் பத்தலை” என்றார் அப்பா கட்டிலிலிருந்து. நான்கு நாளில் அவர் ஒலித்துறை வல்லுநராகியிருந்தார். “நெஞ்சுல தட்டணும். அதிர்வு இருந்தாத்தான் ஆள் எந்திரிப்பான்.”

பட்டதாரிக்கும் அதே கணிப்புத்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுக்கு இடமில்லை. பெட்டி செய்ய மரமும் இல்லை, காசும் இல்லை. ஆனால் மூடி போட்ட வாளி இருந்தது. இரண்டு ஊதா வாளிகளின் மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரைப் பதித்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சை அடைத்தாள். தட்டிப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு ஆழம். ஒரு நிமிடம் தன்மேல் தனக்கே மரியாதை வந்தது. இரண்டாவது பேட்டரியைப் பழைய சாமான் கடைக்காரர் வாடகைக்குத் தந்தார். அது செங்கல் மூட்டை கனம். அதை ஏற்ற இடம் வேண்டும் என்பதால் பத்து பேசினை இறக்க வேண்டியிருந்தது. ஆம்ப்புக்காகத் துடைப்பக் கட்டு இறங்கியது.

“சரக்கு எங்கம்மா?” என்றார் கிடங்குக்காரர், வெள்ளிக்கிழமை காலை.

“விளம்பரம் இதுங்க.”

“விளம்பரம் தெரியுது. எதுக்கு விளம்பரம்னு கேட்டேன்.”

ஜிகினா சீப்பைப் பையில் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். “நாளைக்கு லைன் என் கைக்கு வந்ததும் இந்த செட்டை எனக்குக் குடுத்துடுக்கா. வீட்டுல போட்டுக் கேப்பேன்” என்றான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பன்னிரண்டு தெருக்களிலும் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு மதியம் நடந்தது. ஊதா வாளிகளிலிருந்து கிளம்பிய முணுமுணுப்பு காலடியில் தரையோடு தரையாக வந்து, முழங்கால் வழியாக ஏறியது. ஒரு வீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தை விக்கலின் நடுவிலேயே தூங்கியது. இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பற்றவைப்புக்காரர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, கதவின்மேலேயே சாய்ந்தார். சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் எந்த இடத்தில் விட்டோம் என்று மறந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டதாரியே வண்டியில் சாய்ந்து கண் அயர்ந்தாள். கனவில் அவளுக்கு வேலை கிடைத்தது. முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். ‘வாளி’ என்றாள். சரி, உட்காருங்கள் என்றார்கள்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். ஒரு பெண்மணி.

“ஒரு வாளி வேணும்.”

“எடுத்துக்கங்க! எது வேணும்?”

“அந்த ஊதா.”

“அது… ஸ்பீக்கர்ங்க.”

“அதுல வேற இல்லையா?”

“ரெண்டுதான் இருந்துச்சு. ரெண்டுலயும் ஸ்பீக்கர் இருக்கு.”

“ஊதான்னாத்தான் எங்க குளியலறைக்குப் பொருந்தும்” என்று அந்தப் பெண்மணி வருத்தத்தோடு திரும்பிப் போனாள். தாளத்துக்கு ஏற்ப நடந்து போனாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து.

அன்றிரவு அப்பா மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “போனாப் போகட்டும்மா. எங்கேயாவது காவலாளி வேலை பாத்துக்கறேன்” என்றார். பதினான்கு வருட ராஜ்ஜியத்தை ஒரு மனிதர் இவ்வளவு மெதுவான குரலில் விட்டுக்கொடுப்பதை அவள் கேட்டதில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. அம்மா துணி மடித்தாள். முணுமுணுக்கவில்லை.

‘நான் கெடுத்தேன்’ என்ற எண்ணம் பட்டதாரிக்கு வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. அந்தத் தெருக்காரர்கள்மேல். கேட்கத் தெரிகிறது, ரசிக்கத் தெரிகிறது, கன்னத்தில் கைவைத்து நிற்கத் தெரிகிறது. அழகாகக் கூப்பிட்டால் இறங்கி வரக் காலில்லையா? கத்துகிறவனுக்குத்தான் மரியாதையா? படித்தவள் கைபட்டால் வாளி ஒழுகுமா?

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் கணக்கில் மூன்றே உருப்படி. மிச்சமிருந்தது ஒரே தெரு. வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, அம்மாவை ஓடவிட்டாள். ஜன்னல்கள் திறந்தன. நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்கள். நுரைக்காரர் இன்று முழுச் சவரத்தோடு, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒருவரும் இறங்கவில்லை.

கால் மணி நேரம் பொறுத்தாள். பிறகு பாட்டை ஓடவிட்டபடியே, செடிக்காரம்மா வீட்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள்.

பால்கனி முழுக்கச் செடி. பூந்தொட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் வாளியில் வளர்ந்துகொண்டிருந்தன. பச்சை வாளி, நீல வாளி, மஞ்சள் வாளி. பேசினில் கீரை. உள்ளறையில் பிரிக்காத மாப்புகள் விறகுபோல் அடுக்கியிருந்தன. எல்லாம் அப்பா விற்றது. பட்டதாரி ஒரு பேசினின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். இத்தனை பாசம் வைத்திருந்தவர்கள்!

“அக்கா” என்றாள். “இன்னிக்கு முப்பது போகலைன்னா எங்கப்பாவோட லைன் போயிடும். நான் பிச்சை கேக்கலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பா வந்தா மூச்சு வாங்க ஓடி வருவீங்க. என்ன விலைன்னுகூடக் கேக்க மாட்டீங்க. இப்ப நான் இவ்வளவு செஞ்சிருக்கேன், ஒருத்தர் படி இறங்கல. எதுல கொறை? பாஸ் ஜாஸ்தியா? குரல் சரியில்லையா? சொல்லுங்க, இப்பவே மாத்தறேன்.”

செடிக்காரம்மா பால்கனிக் கம்பியிலிருந்து கன்னத்தை எடுத்தாள். கண்ணைத் திறக்க மனமில்லாமல் திறந்தாள். பட்டதாரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“கொறையா? ஒண்ணும் மாத்திடாத கண்ணு. யாராவது ஏதாவது வாங்கினாத்தான் உங்கப்பா அந்தச் சத்தத்த நிறுத்திட்டு அடுத்த தெருவுக்குப் போவாரு, அதுக்காக வீட்டுக்கு ஒரு நாள்னு முறை வச்சு வாங்கிக்கிட்டிருந்தோம். நீ நில்லும்மா, உன்னை யாரு போகச் சொன்னா?”